வாசகர் கேள்வி – பதில்: இலை உதிர்க்கும் இறப்பர்ச் செடி

கேள்வி: கண்டியில் வாங்கிய இறப்பர்ச் செடியை எங்கள் முன்னறையில் வைத்து, நாள்தோறும் காலையில் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி வருகிறேன். இரண்டு மாதம் செழிப்பாக இருந்தது. ஜூன் மழை தொடங்கியது முதல் அடியிலைகள் மஞ்சளாகி, கை பட்டாலே விழுகின்றன. யூரியா போடும்படி அண்ணன் சொல்கிறார். போடலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: வேண்டாம். உங்கள் செடிக்குப் பசியில்லை. அது நீரில் மூழ்கிக் கொண்டிருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, ஹட்டனோ 1,200 மீற்றருக்கும் மேலே. அங்கே ஓரிரு நாளில் உலர்ந்துவிடும் மண், வெயில் எட்டிப் பார்க்காத உங்கள் மழைமாதக் குளிரில் கிழமைக் கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஈரம் வடியாத மண்ணில் காற்றுக்கு இடமில்லாததால் வேர் அழுகுகிறது. அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாமற்போக, செடி முதலில் அடியிலைகளைக் கைவிடுகிறது. அந்த நிலையில் யூரியா இட்டால் எஞ்சிய வேரும் கருகும்.

செடியைச் சாடியிலிருந்து மெல்லக் கவிழ்த்து எடுத்து வேரைப் பாருங்கள். உறுதியாக இருப்பது நல்ல வேர். பழுப்பேறி, விரலால் இழுத்தால் தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்து, சேற்று நாற்றம் வீசுவது அழுகியது. அதைச் சுத்தமான கத்தியால் வெட்டி விடுங்கள். பிறகு தோட்டத்து மண்ணுடன் மணலும் தும்புத்தூளும் சிறிது கூட்டெருவும் கலந்து, அடியில் துளையுள்ள சாடியில் நடுங்கள். பெரிய சாடி வேண்டாம். வேர்க்கட்டியைவிட இரண்டு அங்குலம் அகலமானது போதும், ஏனெனில் வேர் எட்டாத மண் ஈரத்தைத் தேக்கி வைத்துக்கொள்ளும். சாடியின் கீழ்த்தட்டில் தேங்கும் நீரையும் அவ்வப்போது கொட்டிவிட வேண்டும்.

இனி நாட்காட்டியைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள். விரலை இரண்டு அங்குல ஆழம் மண்ணில் விட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மழைமாதத்தில் அதற்கு இரண்டு மூன்று கிழமைகூட ஆகலாம். காலையில் தேநீர் குடிக்கும்போது செடிக்கும் ஒரு கோப்பை ஊற்றத் தோன்றும் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தாகத்தால் செத்த இறப்பர்ச் செடிகளைவிட, இந்த அன்பால் செத்தவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சம் வரும் யன்னலருகே வையுங்கள். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் மட்டும், இலை குளிர்ந்த கண்ணாடியில் படாதவாறு உள்ளே நகர்த்துங்கள். 10 பாகை செல்சியசுக்குக் கீழே போகும் குளிரை இது தாங்காது. நுவரெலியாவில் உள்ளவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விறகடுப்புப் புகை படியும் வீடானால் ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பதும் அவசியம்.

கேள்வி: கேகாலைத் தோட்டங்களில் பால் வெட்டுகிறார்களே, அந்த இறப்பர் மரமா இது?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: அல்ல. அது பிரேசில் நாட்டு மரம், ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் நாற்றுகள் 1876 இல் இங்கிலாந்தின் கியூ பூங்கா வழியாக இலங்கைக்கு வந்து, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. சாடியில் வளர்ப்பதோ ஆல், அரசு, பலா ஆகியவற்றின் உறவு. வடகிழக்கு இந்தியா முதல் ஜாவா வரை காடுகளில் தானே வளர்வது. இதன் பாலிலிருந்தும் ஒரு காலத்தில் இறப்பர் எடுத்தார்கள். மேகாலயத்தில் ஓடைகளுக்குக் குறுக்கே உயிருள்ள பாலங்களாகப் பின்னப்படுவது இம்மரத்தின் வேர்களே. ஆகவே முற்றத்தில் சுவரோரமாக நட எண்ணினால், அந்த எண்ணத்தைக் கைவிடுங்கள்.

கேள்வி: செடி கூரையைத் தொட்டுவிட்டது. நுனியை வெட்டலாமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: தாராளமாக வெட்டலாம். இலைக்கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் கீழிருந்து பக்கக்கிளைகள் விடும். குளிர் விலகி வெயில் ஏறும் மார்ச் மாதம் அதற்கு ஏற்றது. வெட்டுவாயில் வடியும் வெண்பால் சிலருக்குத் தோல் அரிப்பைத் தரும், துணியில் பட்டால் கறை போகாது. ஆகவே கையுறை அணிந்து, கீழே பழைய பத்திரிகையை விரித்துக்கொள்ளுங்கள். பூனை வளர்க்கும் வீடானால், வெட்டிய இலைகளை அது மெல்லுவதற்கு முன் அப்புறப்படுத்துங்கள்.