மேலுமலை ஏறும் கார் ஓசூர் நெரிசலில் கொதிப்பது ஏன்?

கேள்வி: காவேரிப்பட்டணத்திலிருந்து வாரம் நான்கு நாள் ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன். ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார். மேலுமலை ஏறும்போதுகூட டெம்பரேச்சர் முள் நடுவில்தான் நிற்கிறது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பத்து நிமிடம் ஊர்ந்தால் போதும், விறுவிறுவென்று ஏறிவிடுகிறது. ஏசியிலும் அந்த நேரத்தில் வெறும் காற்றுதான் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில், "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டைக் கழட்டணும், ரேடியேட்டரையும் மாத்திடலாம்" என்று 38,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் போட்டுத் தந்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். மெக்கானிக் கண்டுபிடிக்க வேண்டியதைப் பாதிக்கு மேல் நீங்களே எழுதிவிட்டீர்கள். மேலுமலை ஏற்றத்தில் இன்ஜின் மூச்சு முட்ட உழைக்கிறது. ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) பழுதோ, ரேடியேட்டருக்குள் அடைப்போ, வாட்டர் பம்ப் தேய்மானமோ இருந்தால் முள் முதலில் அங்கேதான் ஏறியிருக்கும். அங்கே சும்மா இருந்துவிட்டு, வண்டி நிற்கும்போது மட்டும் ஏறுகிறது என்றால் குறைவது காற்று. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று போதும். நின்ற வண்டிக்கு ரேடியேட்டர் ஃபேன்தான் கதி. ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் அதற்கும் அந்தக் காற்றுதான் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் மக்கர் செய்வதால் என் சந்தேகம் முழுக்க ஃபேன் மேல்.

வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம். பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேன் கொஞ்ச நேரத்தில் சுற்ற ஆரம்பிக்க வேண்டும். சுற்றவில்லையா? முதலில் ஃபியூஸ், அடுத்து ரிலே (ஃபேனுக்குக் கரண்டைத் திறந்துவிடும் சின்ன ஸ்விட்ச்). பல வண்டிகளில் ஹாரனுக்கும் ஃபேனுக்கும் ஒரே மாதிரி ரிலேதான். நம்பர் ஒத்துப்போனால் மாற்றிச் செருகிப் பார்க்கலாம். அதற்கும் அசையாவிட்டால் ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. ஒயரிங், சென்சார் பக்கம் தேட வேண்டும். சோம்பலாகச் சுற்றினால் மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். "ஃபேன் ஓடுதே சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவது இந்த இடத்தில்தான். ஓடுவது வேறு, போதுமான வேகத்தில் ஓடுவது வேறு. கை, துண்டு, சேலைத் தலைப்பு எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள். சாவியை எடுத்த பிறகும் சில வண்டிகளில் ஃபேன் திடீரென்று சுற்றும்.

ஃபேன் நன்றாக இருந்தால், கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். கிரானைட் லாரிகளுக்குப் பின்னாலேயே ஓடும் நம் மாவட்டத்து வண்டிகளில் தூசியும் பூச்சியும் அங்கே அடையாகப் படிந்திருக்கும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடங்கி, இருக்கிற வழியும் அடைபட்டுவிடும்.

ரேடியேட்டர் மூடியையும் விடாதீர்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் அங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருப்பது மூடி பிடித்து வைக்கும் அழுத்தத்தால். அதன் ரப்பர் வெடித்திருந்தால் மூடியை மாற்றுங்கள், செலவு சில நூறு ரூபாய்தான்.

ஹெட் கேஸ்கட் போனதற்கு ஆதாரம் கேளுங்கள். வெளியே கசிவில்லாமல் கூலன்ட் குறைகிறதா, ஆயில் மூடியில் பால் காபி நிறத்தில் பசை இருக்கிறதா, ரிசர்வாயரில் விடாமல் குமிழி வருகிறதா? இது எதுவும் இல்லாமல் ஹெட்டைக் கழட்டச் சொன்னால், முதலில் பிளாக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால், ரேடியேட்டர் வாயில் வைக்கும் சோதனைக் குழாயில் உள்ள நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறிவிடும்.

சரிசெய்யும் வரை, முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வைத்து ஓரம் கட்டுங்கள். வியர்த்துக் கொட்டும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு வெளியே வந்துவிடும். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று பாலக்கோட்டில் ஒரு மெக்கானிக் கழற்றிப் போட்டுவிட்டார். போர்த் தண்ணீரே ஊற்றலாம் என்றும் சொல்கிறார்.

பதில்: இரண்டுமே தப்பு. இன்ஜின் சூடாகும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். புதியது வாங்கிப் போடச் சொல்லுங்கள். போர்த் தண்ணீர் விஷயத்தில் நான் பட்டவன். தருமபுரி நான்கு ரோட்டில் கூலன்ட் குறைந்ததென்று பக்கத்துக் கடையில் ஒரு குடம் வாங்கி ஊற்றி, அப்படியே ஒரு வருடம் ஓட்டினேன். பிறகு ரேடியேட்டரைத் திறந்தபோது, வெந்நீர்ப் பானையின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்பு. கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கலந்தே வரும் கேன் என்றால் தண்ணீர் சேர்க்கக் கூடாது.

கேள்வி: புது ரேடியேட்டர் போட்டதாகச் சொல்லி 11,000 ரூபாய் வாங்கினார்கள். சூடு குறையவில்லை. பில்லும் இல்லை, பழைய ரேடியேட்டரும் தரவில்லை.

பதில்: பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. முதலில் பில் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள். வாட்ஸ்அப்பிலும் அனுப்பி வையுங்கள். ஜிபே மூலம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே சாட்சி. வேறு மெக்கானிக்கிடம் காட்டி, ரேடியேட்டர் புதியதா, உண்மையான பழுது என்ன என்று எழுதி வாங்குங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அடுத்த முறை வேலை தொடங்கும் முன்பே, "கழற்றிய பொருளை டிக்கியில் வைத்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.