ஹாலிவுட் பொற்காலப் பளபளப்பு: விளக்கு, கூந்தல், சாட்டின் பற்றிக் கேள்வி பதில்

1930, 40-களின் ஹாலிவுட் ஸ்டுடியோ உருவப்படங்களைப் போலப் படம் எடுக்கவும் அலங்காரம் செய்யவும் விரும்புகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை.

ரிங் லைட் வைத்து எடுத்து, கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருக்கிறது. எங்கே தவறு?

ரிங் லைட்தான் தவறு. அது லென்ஸைச் சுற்றி எரிவதால் முகத்தில் நிழலே விழாது. அந்தக் காலப் படங்களின் அழகு பாதிக்கு மேல் நிழலில்தான் இருக்கிறது. ஒளியைத் துணி வழியே பரப்பி மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸும் உதவாது. வேண்டியது சிறிய, கூர்மையான ஒளி. ஒளியைக் குவிக்கும் ஃப்ரெனெல் லென்ஸ் பொருத்திய ஒரு எல்இடி விளக்கு இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஃபிளாஷில் குடை, துணி எதுவும் மாட்டாமல் வெறும் ரிஃப்ளெக்டரோடு பயன்படுத்துங்கள்.

விளக்கு கேமராவுக்கு நேர் மேலே, கிட்டத்தட்ட 45 டிகிரிச் சரிவில் முகத்தைப் பார்க்கட்டும். மூக்குக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சின்ன நிழல் விழும். உங்கள் அளவுகோல் அதுதான். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையே பாதித் தூரத்தில் அது நிற்க வேண்டும். உதட்டைத் தொட்டால் விளக்கை இறக்குங்கள், நிழலே காணோம் என்றால் ஏற்றுங்கள். கண்குழி இருண்டால் விளக்கை இறக்கும் முன் ஆளின் தாடையைக் கொஞ்சம் தூக்கச் சொல்லிப் பாருங்கள். கருவிழியில் ஒரு வெளிச்சப்புள்ளி தெரிந்தே ஆக வேண்டும். அது இல்லாத முகம் உயிரில்லாத முகம்.

இரண்டாவது விளக்கு ஆளுக்குப் பின்னால், மேலிருந்து கூந்தலை நோக்கி. அதன் ஒளி லென்ஸில் நேராக விழாதபடி ஒரு கறுப்பு அட்டையால் மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் முழுக்க வெளுத்துப்போகும். ஆளுக்கும் பின்சுவருக்கும் 2 மீட்டராவது இடைவெளி வேண்டும்.

மேலிருந்து விழும் இந்த முன்விளக்கைப் பாரமவுண்ட் லைட்டிங் என்றும் சொல்வார்கள். நடிகை மார்லீன் டீட்ரிச்சின் கன்னக்குழிவை உலகறியச் செய்தது இயக்குநர் ஸ்டெர்ன்பெர்க்கின் படங்களில் அவர் மேல் விழுந்த இந்த ஒளிதான். 1932-ல் வந்த ‘ஷாங்காய் எக்ஸ்பிரஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவாளர் லீ கார்ம்ஸ் ஆஸ்கர் வாங்கினார். அதைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, மூக்கு நிழலை மட்டும் கவனித்துப் பாருங்கள்.

தோல் பளிங்கு மாதிரி இருக்கிறதே, எத்தனை அடுக்கு மேக்கப் போட்டிருப்பார்கள்?

பல படங்களில் மிகக் குறைவு. நடிகை ஜோன் கிராஃபோர்டைப் புகைப்படக்காரர் ஜார்ஜ் ஹரெல் எடுத்த சில படங்களில் முகத்தில் அடித்தளப் பூச்சே கிடையாது, அவருடைய தோலின் புள்ளிகள் அப்படியே பதிந்திருந்தன. பளிங்கு வந்தது பிறகு, பென்சிலால். 8-க்கு 10 அங்குல நெகட்டிவ் என்பதால் அதன் மேலேயே கூரான கிராஃபைட் பென்சிலால் வேலை செய்ய முடிந்தது. முகத்தில் கறுப்பாக இருக்கும் சுருக்கம் நெகட்டிவில் தெளிந்த கோடாக இருக்கும். அதைப் பென்சிலால் நிரப்பினால் அச்சில் அந்த இடம் வெளுத்துவிடும்.

கணினியில் இதே வேலையை டாட்ஜ் (வெளுப்பாக்குவது), பர்ன் (கறுப்பாக்குவது) கருவிகளால் செய்யலாம். தனி லேயர், பிரஷ் ஃப்ளோ 3 முதல் 5 சதவீதம், பொறுமை. ‘ஸ்கின் ஸ்மூத்’ பொத்தானைத் தொடாதீர்கள். அது தோல்துளைகளை அழித்து முகத்தை மெழுகாக்கிவிடும். ஹரெல் படங்களில் தோல் மினுங்கும், ஆனால் தோலாகவே இருக்கும்.

படம் எடுக்கும்போது நெற்றியிலும் மூக்குப் பக்கங்களிலும் மட்டும் பவுடர் போதும். கன்ன எலும்பின் மேலும் இமையிலும் ஒரு துளி வாசலின் தடவுங்கள். அங்கே விளக்கு வழுக்கிக்கொண்டு மின்னும்.

கறுப்பு வெள்ளைக்கு எந்த நிற லிப்ஸ்டிக்? கறுப்பே போட்டார்கள் என்கிறார்களே?

குழப்பம் ஃபிலிமால் வந்தது. மௌனப்படக் காலத்து ஆர்த்தோகுரோமாடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பு உதடு கறுப்பாகவே பதியும். 1920-களின் கடைசியில் எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாடிக் ஃபிலிம் பரவியது. ஹாலிவுட் மேக்கப் கலைஞர் மேக்ஸ் ஃபேக்டர் அதற்கென்றே 1928-ல் தனி மேக்கப் வரிசை கொண்டுவந்தார்.

உங்கள் டிஜிட்டல் கேமராவும் எல்லா நிறங்களையும் உணர்வதுதான். எனவே நீலச்சாயல் கொண்ட அடர்சிவப்பு எடுங்கள். ஆரஞ்சுச் சாயல் சிவப்பு போட்டால், படத்தில் உதடும் கன்னமும் ஒரே சாம்பலாகிவிடும். கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பு ஸ்லைடரைக் குறைத்தால் உதடு அழுத்தமாகும், கூடவே பருவும் தழும்பும் கறுக்கும். மாநிறத் தோலில் இது சட்டென்று கெட்டுப்போகும். சிவப்பைத் தொடாமல் ஆரஞ்சை மட்டும் கொஞ்சம் ஏற்றுங்கள், தோல் ஒளிரும், உதடு இருந்த இடத்தில் இருக்கும்.

பின் கர்ல் சுற்றி இரவெல்லாம் தூங்கினேன். காலையில் அழகு, பத்து மணிக்குத் தலை பழையபடி. ஏன்?

உள்ளே ஈரம் இருந்திருக்கிறது, அல்லது எண்ணெய். நனையும்போது முடிக்குள் சில பிணைப்புகள் தளர்ந்து, காயும்போது புதிய வடிவில் இறுகுகின்றன. சுருளின் நடுவில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தாலும் இறுகாத அந்தப் பகுதி மற்றதையும் இழுத்துக்கொண்டு விழும். புழுக்கமான ஊரில் காற்றின் ஈரமே எதிரி.

முந்தைய நாளே தலைக்குக் குளித்து எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடுங்கள். கண்டிஷனர் நுனிக்கு மட்டும். சொட்டச் சொட்ட நனைக்க வேண்டாம், லேசான ஈரம் போதும். 2.5 செ.மீ. சதுரமாகப் பகுத்து, முடியைச் சுருளில் நிறுத்தும் செட்டிங் லோஷன் தடவி, சீவி, நுனியிலிருந்து வேர்வரை தட்டையாகச் சுருட்டி, இரண்டு ஹேர்பின்னைக் குறுக்கே செருகுங்கள். நுனி சுருளுக்கு உள்ளே இருக்க வேண்டும், வெளியே நீட்டினால் மீன்முள் போல நிற்கும். அலை வேண்டுமென்றால் முதல் வரிசை கடிகாரச் சுற்றில், அடுத்தது எதிர்ச்சுற்றில். ஒரே திசையில் சுற்றினால் அலை வராது, சுருள்தான் வரும்.

காலையில் ஒரு சுருளை மட்டும் பிரித்துத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. சூடான டிரையர் பிடித்தால், முழுக்க ஆறும்வரை பின்னைக் கழற்றாதீர்கள்.

பிறகு வருவது சீவுதல், பலர் தோற்கும் இடம். பன்றிமயிர் பிரஷால் ஐந்து நிமிடமாவது அழுத்திச் சீவுங்கள். நடுவில் தலை பரட்டையாகிப் பயமுறுத்தும். அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். தொடர்ந்து சீவினால் சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அலையாகும். பட்டாணி அளவு பொமேட் (முடிக்கான பசை) தடவி, அலையின் மேடுகளில் நீண்ட கிளிப் மாட்டி, ஸ்ப்ரே அடித்துப் பத்து நிமிடம் விடுங்கள்.

லோஷன் கிடைக்காவிட்டால் கால் கப் ஆளி விதையை 2 கப் தண்ணீரில் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். முட்டை வெள்ளைக்கரு பதம் வந்ததும் சூட்டோடு வடிகட்டுங்கள். ஆறினால் எந்தச் சல்லடையிலும் இறங்காது. ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும்.

இடுப்புவரை முடி என்றால் அதன் கனமே அலையை நீட்டிவிடும். அன்றைய வெட்டு பெரும்பாலும் தோள் அளவு, அடுக்கடுக்காக. வெட்ட மனமில்லாதவர்கள் கீழ்ப்பாதியைப் பின்னி உள்ளே மடித்துக் குத்திவிட்டு, மேல்பாதியை மட்டும் சுருட்டலாம்.

நடிகை வெரோனிகா லேக் மாதிரி ஒரு கண்ணை மறைக்கும் அலை?

அதே பின் கர்ல்தான். வகிடு புருவத்தின் வெளிப்பாதிக்கு நேரே ஆழமாக எடுக்க வேண்டும், முடி அதிகமுள்ள பக்கம் முகத்தின் மேல் விழும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைப் பெண்கள் இதைப் பின்பற்றி, முடி இயந்திரத்தில் சிக்கும் அபாயம் வந்ததால், அமெரிக்க அரசு கேட்டு லேக் கூந்தலை மாற்றிக்கொண்டார். தையல் மெஷின் முன் உட்காரும்போது நீங்களும் தூக்கிக் கட்டுங்கள்.

நடிகை ஜீன் ஹார்லோவின் வெள்ளிபோன்ற பிளாட்டினம் முடி நிறத்துக்கு அம்மோனியா, துணி ப்ளீச் கலவை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. செய்யலாமா?

கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும், நுரையீரலைப் புண்ணாக்கும். விக் வாங்குங்கள். கறுப்பு வெள்ளைப் படம்தான் என்றால் அதுவும் வேண்டாம், பின்விளக்கைக் கூட்டினாலே பழுப்பு முடி வெள்ளியாகிவிடும்.

தமிழ்ப் படங்களுக்கு இந்த ஒளி வந்ததா?

வந்தது. அமெரிக்க இயக்குநரான எல்லிஸ் ஆர். டங்கன் ‘மீரா’வுக்கு (1945) எம். எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்று செய்யவைத்து, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியோடு அதன் மேல் ஒளியைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். உங்களுக்கும் இது உதவும்: மாடல் வருமுன் ஒரு தெர்மோகோல் தலையில் விளக்கை அமைத்துவிடுங்கள்.

கிராஸ் கட் சாட்டின் கவுன் தைத்தேன். கீழ்ஓரம் ஏறி இறங்குகிறது, தையல் சுருங்குகிறது.

ஓரத்தை உடனே அடித்துவிட்டீர்கள். நெடுக்கு நூலான பாவுக்கும் குறுக்கு நூலான ஊடைக்கும் 45 டிகிரியில் வெட்டிய துணி தன் கனத்தால் இறங்கும், அதுவும் இடத்துக்கு இடம் வேறு அளவில். தைத்த கவுனை ஹேங்கரில் 24 முதல் 48 மணி நேரம் தொங்கவிட்டு, பிறகு ஆளுக்கு மாட்டி, தரையிலிருந்து அளந்து குறித்து வெட்டுங்கள்.

தையலுக்கு 9-ம் நம்பர் புது ஊசி, பாலியஸ்டர் நூல், நீளம் 2 முதல் 2.5 மி.மீ., அகலம் 0.5 மி.மீ. வைத்த மெல்லிய ஜிக்ஜாக். நேர்த்தையல் நீளாது, துணி நீளும், அதனால்தான் சுருக்கம். வெட்டும்போது துணியை மடிக்கக் கூடாது. அடியில் காகிதம் விரித்து ஒற்றையாக வெட்டி, பக்கத் தையலுக்கு 3 செ.மீ. விடுங்கள். கழுத்துக்கும் கைக்குழிக்கும் மட்டும் நேர்நூல் பட்டை வைத்துத் தையுங்கள், இல்லையேல் அவை வாய் பிளக்கும். லைனிங் போட்டால் அதுவும் கிராஸாகவே இருக்கட்டும். ஜிப் முதுகில் வேண்டாம், அலை அலையாக நெளியும். இடது பக்கத் தையலில் கொக்கி போதும். 112 செ.மீ. அகலத்தில் தரைநீளக் கவுனுக்கு 4 முதல் 5 மீட்டர் பிடிக்கும்.

பாரிஸில் ஆடை வடிவமைப்பாளர் மேடலைன் வியோனே பிரபலமாக்கிய வெட்டு இது. ‘டின்னர் அட் எய்ட்’ (1933) படத்தில் ஹார்லோவுக்கு உடை வடிவமைப்பாளர் ஏட்ரியன் வடிவமைத்த வெள்ளைச் சாட்டினைப் பாருங்கள், இடுப்பில் ஒரு மடிப்பு இருக்காது. விறைப்பான கல்யாண மேடைச் சாட்டினில் அது வராது. கையில் பிடித்தால் தண்ணீர் போல விழும் பட்டு அல்லது கிரேப் சாட்டின் கேளுங்கள்.

1930-களின் பார்ட்டிக்கு நைலான் காலுறை போடலாமா?

பின்னால் தையல்கோடு உள்ளதாக இருந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கறாராகப் பார்த்தால் தவறு: அமெரிக்கா முழுக்க நைலான் காலுறை விற்பனைக்கு வந்தது 1940 மே 15. அதற்கு முன் பட்டு. கோடு குதிகாலின் நடுவிலிருந்து நேராக ஏற வேண்டும். நின்றபடி மாட்டினால் கோணும், உட்கார்ந்து மாட்டுங்கள்.