மகளின் கையில் தழும்புகள்: கேட்பதா, பார்க்காததுபோல் இருப்பதா?

கேள்வி: எங்கள் மகளுக்கு 16 வயது. ஆறு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறாள். எது கேட்டாலும் எரிந்து விழுகிறாள். இரவெல்லாம் விழிப்பு, பகலில் தூக்கம். பள்ளிக்கு வாரத்தில் இரண்டு நாள் போனால் அதிகம். சென்ற வாரம் அவள் முன்கையில் வரிவரியாகத் தழும்புகளைப் பார்த்தேன். கணவர் செல்பேசியைப் பிடுங்கிவைத்ததும், ‘நான் இல்லாமல் போனால் உங்களுக்கு நிம்மதிதானே’ என்று கத்தினாள். இது பிடிவாதமா, நோயா? தழும்பைப் பற்றிக் கேட்டால் விபரீதமாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: கேளுங்கள் அம்மா. இன்றே கேளுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. இதை ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் அந்தக் கேள்வி பிள்ளையின் பாரத்தைக் குறைக்கிறது. யாருக்கும் தெரியாமல் சுமந்ததை ஒருவர் பார்த்துவிட்டார் அல்லவா?

முகத்துக்கு நேரே உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். சேர்ந்து ஒரு வேலை செய்யும்போது, சேர்ந்து நடக்கும்போது பேச்சை எடுங்கள். ‘உன் கையைப் பார்த்தேன். எனக்குக் கோபம் இல்லை. அவ்வளவு வலி உனக்குள் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது’ என்று சொல்லலாம். பிறகு, சுற்றி வளைக்காமல், ‘செத்துப்போக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று கேளுங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைகள் எல்லாரும் சாக விரும்புவதில்லை. தாங்க முடியாத உணர்ச்சியிலிருந்து சில நிமிடம் தப்பிக்கவே பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பழக்கம் இருப்பவர்களிடம் தற்கொலை ஆபத்தும் கூடுதல். அதனால்தான் தழும்பைப் பற்றியும் சாவைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

‘ஆமாம்’ என்றாலோ, எப்படி, எப்போது என்று யோசித்துவைத்திருப்பதாகத் தெரிந்தாலோ, அவளைத் தனியே விடாதீர்கள். அன்றே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். ‘இல்லை’ என்றாலும் வீட்டிலுள்ள மாத்திரைகளையும் கூர்மையான பொருட்களையும் இன்றே பூட்டிவையுங்கள். நெருக்கடியின் உச்சம் பல நேரங்களில் சிறிது நேரத்தில் தணியக்கூடியது; அந்த நேரத்தில் கைக்கு எதுவும் எட்டாமல் இருப்பது உயிரைக் காக்கும். ‘இனிச் செய்ய மாட்டேன்’ என்று சத்தியம் வாங்காதீர்கள். மீண்டும் நடந்தால் அவள் அதை மறைக்கவே கற்றுக்கொள்வாள்.

இனி, பிடிவாதமா நோயா என்ற கேள்வி. பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சோகமாகத் தெரியும். இந்த வயதில் அது எரிச்சலாக, கோபமாக வெளிப்படலாம். மருத்துவ வரையறையிலேயே அது இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் படிப்பையும் கெடுத்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்கள் வீட்டில் ஆறு மாதம் ஆகிவிட்டது. நேரில் பார்க்காமல் நோயின் பெயரை நான் சொல்லக் கூடாது. ஆனால் இதைப் பிடிவாதம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மனநல மருத்துவரிடம் போகும்போது, தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாத காரணங்களும் உண்டு: சக மாணவர்களின் கொடுமை, பாலியல் தொல்லை, படத்தை வைத்து மிரட்டல். ‘என்ன நடந்திருந்தாலும் உன் பக்கம்தான் இருப்போம்’ என்று ஒருமுறை சொல்லிவையுங்கள். உடனே பதிலை எதிர்பார்க்காதீர்கள்.

செல்பேசியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் மனம்விட்டுப் பேசும் ஒரே தோழி அதற்குள் இருக்கலாம். இரவில் எல்லாருடைய செல்பேசியும், அப்பாவுடையது உட்பட, கூடத்தில் இருக்கட்டும். பருவ வயதில் உடலின் தூக்கக் கடிகாரம் இயல்பாகவே தாமதமாகும்; இரவில் தூக்கம் வர நேரமாகும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

சிகிச்சை பலன் தரும். தற்கொலை எண்ணத்தாலும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தாலும் தவிப்பவர்களுக்காக ‘டயலெக்டிகல் பிகேவியர் தெரபி’ என்ற பேச்சுச் சிகிச்சையை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினெஹன். தானும் இளம்பெண்ணாக இருந்தபோது அதே நிலையில் மனநல மருத்துவமனையில் கிடந்தவள்தான் என்று 2011இல் அவர் வெளிப்படையாகச் சொன்னார். நம்பிக்கை இழந்து வரும் பெற்றோர்களிடம் நான் இதைத் தவறாமல் சொல்கிறேன். அந்தச் சிகிச்சைக்கு வளரிளம் பருவத்தினருக்கான வடிவமும் உண்டு. பெற்றோரும் அதில் பங்கேற்பார்கள்.

மருத்துவர் மாத்திரை எழுதினால் பயந்து மறுக்க வேண்டாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மனச்சோர்வு மருந்துகள் இளம்வயதினர் சிலரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் எச்சரித்தது. ஆகவே முதல் சில வாரங்கள் அவளை அருகிலிருந்து கவனியுங்கள். அமைதியின்மை கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவர் அவளிடம் தனியே பேசுவார். ‘உள்ளே என்ன சொன்னாய்?’ என்று வெளியே வந்ததும் துருவாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் அவரே உங்களிடம் சொல்வார்.

அவள் வர மறுத்தால், நீங்கள் இருவரும் முதலில் போய் மருத்துவரைப் பாருங்கள். போய் வந்ததை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சில நாள் கழித்து, ‘அந்த டாக்டர் எப்படிப் பேசுவார்?’ என்று அவளே கேட்கக்கூடும்.