ஊரணியை இலவசமா தூர்வாரித் தர்றேன்னு ஒருத்தர் வந்தா லெட்டர்பேடை எடுக்காதீங்க

கேள்வி: சிவகங்கை மாவட்டத்துல ஒரு சின்ன நகராட்சி எங்க ஊர். எங்க தெருவை ஒட்டி 2 ஏக்கர்ல ஒரு ஊரணி, பல வருஷமா சீமைக்கருவேலம் மண்டி, ஒரு பக்கம் சாக்கடை இறங்கிக் கிடக்கு. குடியிருப்போர் சங்கத்துல ஒன்றரை லட்சம் வசூல் பண்ணி வச்சிருக்கோம். இப்ப ஒரு கான்ட்ராக்டர் வந்து, "10 அடி ஆழத்துக்கு நானே வெட்டித் தரேன், பைசா வேணாம், மண்ணை மட்டும் எடுத்துக்கறேன், பர்மிஷன் எல்லாம் நான் பாத்துக்கறேன், சங்கம் லெட்டர்பேடுல ஒரு கோரிக்கை மட்டும் எழுதிக் குடுங்க"ன்னு சொல்றார். உறுப்பினர்கள்ல பாதிப் பேர் குடுத்துடலாம்ங்கிறாங்க. குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்கம்மா. மீதியெல்லாம் ஏன்ங்கிறதுக்கான விளக்கம்தான், அவசரம்னா இதோட நிறுத்திட்டு சங்கக் கூட்டத்துல போய் சொல்லிடுங்க.

முதல்ல அந்த "இலவசம்" எவ்வளவுன்னு பாப்போம். 2 ஏக்கர்னா 87,120 சதுர அடி. 10 அடி ஆழம் வெட்டினா 8,71,200 கன அடி மண்ணு வரும். மண்ணு வியாபாரத்துல 100 கன அடி ஒரு யூனிட், அப்ப 8,700 யூனிட்டுக்கு மேல, 3 யூனிட் பிடிக்கிற டிப்பர்ல கிட்டத்தட்ட 2,900 லோடு. உங்க ஊர்ல பிளாட் போடுறவங்க யார்கிட்டயாவது ஒரு லோடு கிராவல் என்ன விலைன்னு கேட்டு, பெருக்கிப் பாத்துக்கங்க. அதுக்கப்புறம் யாரு யாருக்கு இலவசம் பண்றாங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சிரும்.

அடுத்தது அந்த 10 அடி. ஆழமா வெட்டினா நிறைய தண்ணி நிக்கும்னு எல்லாரும் நினைக்கறாங்க, எல்லா ஊர் ஊரணிக்கும் அது பொருந்தாது, உங்க பக்கத்து செம்மண், செம்புறாங்கல் பூமிக்கு சுத்தமா பொருந்தாது. ஒரு ஊரணியில தண்ணி நிக்கறதே அடியில இருக்கிற களிமண் படுகையாலதான். மேல ஒண்ணு ரெண்டு அடி வண்டல், அதுக்குக் கீழ ஒட்டுற களி, அதையும் தாண்டினா சரளை, அதாவது கிராவல். வியாபாரிக்கு வேண்டியது அந்த சரளைதான், வண்டல் அவருக்கு சுமை. களியைக் கிழிச்சு சரளை வரைக்கும் போயிட்டா பானையோட அடியை உடைச்ச மாதிரி, ஐப்பசியில ரொம்புற தண்ணி தை மாசம் பாத்தா இருக்காது.

இதை கண்டுபிடிக்க இன்ஜினியர் எல்லாம் தேவையில்ல. ஊரணிக்குள்ள நாலு மூலையிலயும் நடுவுலயும் ரெண்டுக்கு ரெண்டு அடியில கடப்பாரை மண்வெட்டி வச்சு குழி எடுங்க. வெயில்ல பாளம் பாளமா வெடிக்கிற லேசான மண்ணு வண்டல். கீழ போகப் போக மண்வெட்டியில ஒட்டிக்கிட்டு வர்றது களி, அதுல ஒரு பிடி எடுத்து தண்ணி தொட்டு உள்ளங்கையில உருட்டுங்க, தீக்குச்சி கனத்துக்கு உடையாம திரி மாதிரி வந்துச்சுன்னா அதுதான் உங்க ஊரணியோட அடி, அங்கேயே நிறுத்திடணும். உருட்ட உருட்ட உதிர்ந்து கல்லு தட்டுப்பட்டா நீங்க ஏற்கனவே தாண்டிட்டீங்கன்னு அர்த்தம். ஒவ்வொரு குழியிலயும் வண்டல் எத்தனை அடின்னு டேப் வச்சு போட்டோ எடுத்து வச்சுக்கங்க, பின்னாடி உதவும்.

"பர்மிஷன் நான் பாத்துக்கறேன்" இருக்கே, அதைப் பத்தி கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இதுல ஒரு நியாயமான விதிவிலக்கு இருக்கு, அந்த ஓட்டை வழியாத்தான் டிப்பரே உள்ள வருது. தமிழ்நாடு சிறுகனிம சலுகை விதிகள்னு 1959ல வந்தது ஒண்ணு இருக்கு, அதுப்படி குளம் கண்மாய்ல இருந்து வண்டலும் களிமண்ணும் விவசாயத்துக்கு, வீட்டு உபயோகத்துக்கு, மண்பாண்டத் தொழிலுக்கு இலவசமா எடுக்கலாம். முன்னாடி கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலையணும், 2024 ஜூன்ல திருத்தி தாசில்தாரே குடுக்கலாம்னு ஆக்கினாங்க, நல்ல காரியம்தான். நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, வீட்டு உபயோகத்துக்கு 30, மண்பாண்டத்துக்கு 60. மாவட்ட அரசிதழ்ல அறிவிச்ச நீர்நிலையா இருக்கணும், அனுமதி அந்த விவசாயி பேர்ல, அவர் நிலத்துக்குத்தான். அப்ப ஊரணியில மண்ணே எடுக்கக்கூடாதுன்னு நான் சொல்லல. சொந்த நிலத்துக்கு வண்டல் வேணும்னு ஒரு விவசாயி வந்தா தாராளமா எடுக்கட்டும், அவருக்கும் நல்லது ஊரணிக்கும் நல்லது. ஆனா நடக்கறது வேற, பத்து விவசாயியோட பட்டா சிட்டா நகலை வாங்கி அவங்க பேர்ல விண்ணப்பம், பேப்பர்ல வண்டல், வண்டியில கிராவல், போற இடம் பிளாட்டு.

கணக்கு வச்சே பிடிச்சுரலாம். உங்க ஊரணியில ஒன்றரை அடி வண்டல் இருக்குன்னு வச்சுக்கங்க, மொத்தம் 3,700 கன மீட்டர், 50 ஏக்கர் நஞ்சைக்கு அடிக்க சரியா இருக்கும், நம்பலாம். அதே அவர் சொல்ற 10 அடின்னா 24,000 கன மீட்டருக்கு மேல போகுது, அதுக்கு 330 ஏக்கர் நஞ்சைக்காரங்க கியூவுல நிக்கணும். உங்க டவுனைச் சுத்தி நிக்கறாங்களா?

இப்ப அந்த லெட்டர்பேடு. பர்மிஷன் எல்லாம் அவரே பாத்துக்குவார்னா உங்க கடிதம் எதுக்கு? "பொதுமக்கள் கேட்டாங்க, அதனால செஞ்சேன்"னு காட்டத்தான். நாளைக்கு யாராவது புகார் குடுத்து வண்டியைப் பிடிச்சா, ஃபைல்ல முதல் காகிதமா இருக்கறது தலைவர், செயலாளர் கையெழுத்து போட்ட உங்க சங்கத்து கோரிக்கை. அவரோட வக்கீல் அவரைப் பாத்துக்குவார், உங்களை யார் பாப்பா? நல்ல மனசோட ஊருக்கு உழைக்க வந்தவங்க இப்படி காகிதத்துல மாட்டிக்கிட்டு நிக்கறதைப் பாத்துப் பாத்து எனக்கு எரிச்சலே வந்துருச்சு.

கருவேலத்துக்கும் இதே கதைதான், "நான் வெட்டிக்கறேன், செலவு என்னுது"ன்னு கரிமூட்டம் போடுற ஆள் ஒருத்தர் வருவார். மரத்தை தரையோட அறுத்துட்டுப் போயிருவார், தூர் அப்படியே இருக்கும், ஒரு மழைக்கு நாலு மடங்கா துளிர்க்கும். ஜேசிபி வச்சு தூரோட பிடுங்கறதா இருந்தா மட்டும் பேசுங்க, அதுவும் மரம் நகராட்சி சொத்து, மதிப்பு போட்டு ஏலம் விட்டு பணம் நகராட்சிக்குப் போகணும், உங்க சங்கம் நேரடியா வித்துக் குடுக்கக்கூடாது. கம்பெனிங்க சமூகப் பணிக்குக் குடுக்கிற சிஎஸ்ஆர் நிதி வாங்கித் தரேன், இத்தனை பர்சென்ட் குடுங்கன்னு ஒருத்தர் வந்தா வாசலோட அனுப்பிடுங்க, அதுல பேச ஒண்ணுமில்ல.

சரி, கையில இருக்கிற ஒன்றரை லட்சத்துக்கு என்ன பண்ணலாம்? நான் சொன்னா ஊரணிக்குள்ள ஒரு ரூபா போடறதுக்கு முன்னாடி வரத்துக்காலைப் பாருங்கம்பேன். ஊரணி வத்திக் கிடக்கறது ஆழம் இல்லாததால இல்ல, தண்ணி வர்ற வழி அடைபட்டதால, நிறைய ஊர்ல இதுதான் நிலவரம். நல்ல மழை பெய்யறப்ப குடையோட ரெண்டு மூணு பேர் நடந்து போங்க, தண்ணி எங்க வந்து எங்க திரும்புதுன்னு பாருங்க. ரோடு மேல ரோடு போட்டு ஒசத்தினதுல பழைய குழாய்ப்பாலம் புதைஞ்சிருக்கும், இல்ல ஒரு வீட்டு காம்பவுண்டு குறுக்க நிக்கும். பழைய ரோட்டை சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரே எழுதினார், உங்க தெருவுல எத்தனை தடவை சுரண்டினாங்க, சொல்லுங்க பாப்போம்.

கூடவே நகர நிலஅளவை பதிவேடு நகல் எடுத்துருங்க, ஊரணிக்கும் வரத்துக்காலுக்கும் தனித்தனி சர்வே நம்பர் இருக்கும், ரெண்டையும் கேக்கணும், பல பேர் ஊரணியை மட்டும் கேட்டுட்டு வந்துடறாங்க. தரமாட்டேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடுங்க, 30 நாள்ல பதில் தரணும். நகராட்சியில கேட்டா வருவாய்த்துறைம்பாங்க, அங்க போனா நீர்வளத்துறையைப் பாருங்கம்பாங்க, அங்க போனா "டவுனுக்குள்ள இருக்கே, நகராட்சிதானே"ம்பாங்க, இந்த சுத்தல் எல்லாம் உங்களை களைப்பாக்கத்தான், பதிவேட்டு நகல் கையில இருந்தா இது பாதி குறைஞ்சிரும். ஆக்கிரமிப்பு தெரிஞ்சா நீங்களே போய் அந்த வீட்டுக்காரரோட சண்டை போடாதீங்க, 1905 நில ஆக்கிரமிப்புச் சட்டத்துல நோட்டீஸ் குடுக்க வேண்டியது அதிகாரிங்க வேலை. கோயில் குளமா இருந்தா வேற விவகாரம், உங்களது அது இல்லைன்னு எடுத்துக்கறேன்.

சாக்கடையை மட்டும் தள்ளிப் போடாதீங்க, எந்தெந்த வீட்டு குழாய் வரத்துக்கால்ல விழுதுன்னு பாத்தா உங்க சங்க உறுப்பினர் வீடே ரெண்டு மூணு இருக்கும், முதல்ல அதுல ஆரம்பிங்க.

பணத்துக்கு அரசோட நமக்கு நாமே திட்டம் இருக்கு, ஒரு பங்கு மக்கள் கட்டினா மீதி அரசு போடும், அப்ப உங்க ஒன்றரை லட்சம் அதை விடப் பெரிய வேலையாகும், நீர்நிலை வேலைக்கு மக்கள் பங்கு எவ்வளவுன்னு நகராட்சியில கேட்டுக்கங்க. எஸ்டிமேட் போடும்போது மட்டும் பக்கத்துலயே நில்லுங்க. நடைபாதை, டைல்ஸ், கலர் விளக்கு, செல்ஃபி பாயிண்ட்னு போட்டு முடிச்சுருவாங்க, சுத்தி சுவரைக் கட்டி தண்ணி உள்ள வர்ற வாயையும் அடைச்சுட்டு திறப்பு விழா வச்ச ஊரெல்லாம் இருக்கு. கருவேலம் தூரோட எடுக்கறது, வரத்துக்கால் சீரமைப்பு, குழாய்ப்பாலம், சாக்கடையை திருப்பறது, வண்டல் மட்டும் எடுத்து கரைக்குப் போடறது, இவ்வளவும் எழுத்துல வந்தப்புறம் விளக்கைப் பத்தி பேசட்டும். கஜா புயலுக்கு அப்புறம் 2019ல பேராவூரணி பெரிய குளத்தை அந்த ஊர் இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டி தூர்வாரினாங்க, அது உங்க ஊரணியை விட எத்தனையோ மடங்கு பெருசு. அதனால முடியாதுன்னு பயப்பட வேண்டாம்.

இதைப் படிக்கறதுக்கு முன்னாடியே கடிதத்தைக் குடுத்திருந்தா, உடனே செயற்குழுவைக் கூட்டி தீர்மானம் போட்டு, இன்ன தேதி குடுத்த கோரிக்கையை திரும்பப் பெறுகிறோம்னு நகராட்சி கமிஷனருக்கும் தாசில்தாருக்கும் தனித்தனியா ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பிடுங்க, அந்த குழி போட்டோவையும் ஒரு செட் இணைச்சுருங்க. கான்ட்ராக்டர்கிட்ட வாய்ல சொன்னா போதும்னு விட்டுடாதீங்க, அவர் கையில இருக்கறது உங்க கையெழுத்து.