ஓராண்டாகத் தொடாததை எல்லாம் தூக்கிப் போடலாமா?

வீடு முழுக்கச் சாமான், கடைக்குப் போனால் எதை எடுப்பது என்று தலை சுற்றுகிறது, ஓராண்டாகக் கை படாததைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டணத்தில் அடுக்குமாடி வீட்டில், கட்டிலுக்கு அடியிலும் பெட்டி வைத்துக் குடியிருப்பவர் என்று எடுத்துக்கொள்கிறேன். துணி, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் தாராளமாகக் குறையுங்கள். ஆனால் அந்த ஓராண்டுக் கணக்கோடு பெரியவர்கள் அலமாரிப் பக்கம் போகாதீர்கள்.

நாங்கள் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆட்கள். அம்மா ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர். லயத்தில், அதாவது தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீட்டில், கட்டிலுக்கு அடியில் சதுர பிஸ்கட் டின் ஒன்று வைத்திருந்தார். மூடி துருப்பிடித்து, கரண்டிக் காம்பால் நெம்பினால்தான் திறக்கும். உள்ளே ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய சம்பளச் சீட்டுகள், சேமநிதித் தாள்கள், குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை, பாட்டியுடையது, அதன் நகல். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த நேரத்தில், 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்குத் தாத்தா பத்து வெள்ளிப் பணம் கட்டிய ரசீதும் அதில்தான். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் "அந்தக் குப்பையைக் கொளுத்துங்க" என்பார்கள். அம்மா காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

அப்புறம் தோட்டம் கை மாறியது. ஆள்குறைப்புத் தொகைக்குக் கணக்குப் போட்டார்கள். 1980ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் வேலை செய்தவருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் 20 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். அம்மாவின் ஆரம்ப ஆண்டுகள் அலுவலகப் புத்தகத்தில் இல்லை, குத்தகைக்காரரிடம் வேலை பார்த்திருப்பீர்கள் என்றார் அலுவலகக் கணக்கர், நாங்கள் கிராணி என்போம். அம்மா டின்னைக் கொண்டுபோய் மேசைமேல் கவிழ்த்தார்.

"தோட்டத்துப் பேர் போட்டிருக்கா இல்லையா, நீங்களே படிங்கய்யா."

ஒவ்வொரு சீட்டிலும் தோட்டத்தின் பெயர், வேலை நாள், பிடித்த சேமநிதி. கணக்கை மாற்றி எழுதினார்கள். பக்கத்து லயத்து அக்காவின் தாள்கள் வெள்ளத்தில் போய்விட்டன. அவருக்குக் குறைத்துத்தான் கொடுத்தார்கள்.

அதே கூட்டத்தில் ஆளுக்கொரு வீடு தருவோம் என்றும் சொன்னார்கள். இன்றுவரை இல்லை. பிறந்ததிலிருந்து ஒரே லயத்தில் இருந்தவர்கள் வயதான காலத்தில் வாடகை வீடு தேடி அலைந்ததைப் பார்த்தவள் நான். உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உடனே, குப்பை சேர்ப்பதை நியாயப்படுத்துகிறாள் என்று யாரும் கிளம்ப வேண்டாம். பழைய பேப்பர் குவித்துப் பாம்பு குடியேறிய வீடும் எனக்குத் தெரியும். நான் சொல்வது, உங்களுக்கு மூச்சு முட்டுவது நேற்றும் முந்தாநாளும் வந்த பொருளால் என்றுதான். என் மகன் ஒரு தண்ணீர் போத்தல் வாங்க ஷாப்பி என்கிற இணையக் கடைச் செயலியைத் திறந்தால் நள்ளிரவு தாண்டிவிடும். 11.11, 12.12 என்று தேதி போட்டு மலிவு விற்பனை வந்தால் கேட்கவே வேண்டாம். அமெரிக்காவில் 2000இல் வெளியான ஆய்வு ஒன்றில், 24 வகை ஜாம் வைத்த மேசைக்கு வந்தவர்களில் 3 சதவீதம் பேர்தான் வாங்கினார்கள். 6 வகை வைத்தபோது 30 சதவீதம். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், எல்லா இடத்திலும் அப்படி நடப்பதில்லை என்றார்கள். இருக்கட்டும், என் மகனுக்கு நடக்கிறது.

தோட்டத்துக் கடையில் சவுக்காரம் ஒரே வகை, எடுத்துக்கொண்டு 555 என்கிற சின்னக் கடன் புத்தகத்தில் எழுதச் சொல்லிவிட்டு வரலாம். அதைப் பொற்காலம் என்று சொல்லவில்லை. அந்தப் புத்தகம் பாதிச் சம்பளத்தைத் தின்ற வீடுகள் உண்டு.

இப்போது நாங்கள் அந்தச் செயலியைப் போனிலிருந்து எடுத்துவிட்டோம். வேண்டியதைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி வைப்போம். சம்பளம் போட்டதும் டவுன் கடைக்குப் போய், முதலில் கண்ணில் படுகிற நல்லதை எடுத்துக்கொண்டு வந்துவிடுவோம். எழுதியதில் பாதி அதற்குள் தேவையில்லாமல் போயிருக்கும்.

பிறப்புப் பத்திரம், சம்பளச் சீட்டு, நிலவரி ரசீது இவற்றில் கை வைக்கும் முன் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். போட்டோ எடுத்து வைத்தால் போதாதா என்று சிலர் எழுதுவார்கள். எங்களிடம் அசல் தாளைத்தான் கேட்டார்கள்.