கப்பலேறி யாழ்ப்பாணம்: எப்போது போனால் கையைக் கடிக்காது?

கேள்வி: குறுவை அறுப்புக் காசு வந்ததும் நான், மனைவி, 64 வயது அம்மா மூவரும் வெளிநாடு ஒன்றைப் பார்த்துவர ஆசை. யாரிடமும் பாஸ்போர்ட் இல்லை. நாகையிலிருந்து கப்பலில் யாழ்ப்பாணம் போனால் செலவு குறையுமா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: குறையும். ஆனால் ஐப்பசியில் கிளம்ப வேண்டாம். 2023 அக்டோபர் 14-ல் தொடங்கிய நாகை–காங்கேசன்துறை (யாழ்ப்பாணப் பக்கத்துத் துறைமுகம்) கப்பல், பருவமழையால் சில நாட்களிலேயே நின்றது. மறுபடி ஓடியது 2024 ஆகஸ்டில்தான். சம்பாவும் வீடு வந்த பிறகு, பங்குனியில் போங்கள். பயணம் சுமார் 4 மணி நேரம். அம்மாவுக்குக் குமட்டல் வருமென்றால் மருத்துவரைக் கேட்டு, மாத்திரையை ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். ஆட்டம் கண்டபின் கொடுத்தால் வாந்தியோடு வெளியே வந்துவிடும்.

பாஸ்போர்ட்டுக்கு இப்போதே விண்ணப்பித்தால் தட்கலுக்கான கூடுதல் 2,000 ரூபாய் மிச்சம். சாதாரணக் கட்டணம் 1,500. அறுபதைத் தாண்டிய அம்மாவுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. தஞ்சாவூர் சேவை மையத்திலேயே முடித்துவிடலாம். நம் பக்கத்து ஆட்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். ஆதாரில் ஒரு விதமாகவும் மற்ற சான்றில் வேறு விதமாகவும் பெயர் இருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் தஞ்சாவூருக்கு இரண்டாம் முறை அலைய நேரும்.

இலங்கைக்கு ‘இடிஏ’ எனும் இணையவழிப் பயண அனுமதியை அந்நாட்டு அரசின் தளத்திலேயே வாங்குங்கள். அதே தோற்றத்தில் தனியார் தளங்களும் உண்டு. அவை தங்கள் சேவைக் கட்டணத்தையும் சேர்த்துக் கறக்கும். முகவரி ‘ஜிஓவி டாட் எல்கே’ என்று முடிகிறதா பாருங்கள். பாஸ்போர்ட் எண்ணில் முதலில் ஓர் எழுத்து, பின்னால் வருகிற ஏழும் இலக்கங்கள். பூஜ்ஜியத்துக்குப் பதில் ‘ஓ’ தட்டினால் அனுமதி வேறு எண்ணுக்குப் போய்விடும்.

கப்பல் டிக்கெட்டில் எத்தனை கிலோ சேர்த்தி என்று முன்பதிவின்போதே பார்த்து, வீட்டிலேயே பையை எடை போட்டுவிடுங்கள்.

காங்கேசன்துறையிலிருந்து யாழ் நகரம் சுமார் 20 கி.மீ. தமிழே போதும், வழிகாட்டிக்குக் காசு தர வேண்டியதில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு, பேருந்தில் குறிகட்டுவான் துறை வரை போய் அங்கிருந்து படகு. அம்மா கட்டாயம் பார்க்க வேண்டிய கோயில். நல்லூர்த் திருவிழா ஆடி, ஆவணியையொட்டி வரும். அப்போது அறை கிடைப்பதே அரிது.

திரும்பும் நாளுக்கு அடுத்த இரண்டு நாட்களில் ஊரில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கடல் கொந்தளித்தால் கப்பல் ரத்தாகும். அப்போது விமானம் ஏறித் திரும்ப வேண்டியிருக்கும். மூவருக்கும் அதற்கான தொகையைத் தனியே எடுத்து வையுங்கள். அது சேராவிட்டால் பயணத்தை அடுத்த அறுப்புக்குத் தள்ளிவையுங்கள்.