மேல்தளத்து வீட்டில் அம்மா

வேலூரில் மேல்தளத்து வீடு, ஏசி இல்லை, எழுபது வயது அம்மா ராத்திரியெல்லாம் தூங்காமல் தவிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள், படித்ததும் மனசு கேட்கவில்லை. அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் அனலைத்தான் வீசும், அதனால் துண்டை நனைத்துப் பிழிந்து கழுத்திலும் கையிலும் போட்டுவிட்டு அப்புறம் ஃபேன் போடுங்கள். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு இரண்டு கோட் அடியுங்கள். எங்கள் வீட்டில் அடித்துக் காய்ந்த பிறகு மத்தியானத்திலேயே வெறுங்காலோடு நிற்க முடிந்தது. ஜன்னலைப் பகலில் மூடி, பொழுது சாய்ந்ததும் திறந்துவிடுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, அவர் கேட்காவிட்டாலும் நீர்மோர் கொடுத்துக்கொண்டே இருங்கள் (பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் உப்பைக் குறைத்துப் போடுங்கள்). பேச்சு குழறினாலோ உடம்பு கொதித்தாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், மயக்கமாக இருந்தால் வாயில் மட்டும் எதுவும் ஊற்றாதீர்கள்.